மூன்றாம் வேற்றுமை

வசந்தநகரில் நாலரை மணி நேரக் கூட்டம்.
வெள்ளைப் பலகையில் ஒரே கேள்வி:
இளைஞர் பணி என்றால் என்ன?
இரண்டு முறை டீ வந்தது. விடை வரவில்லை.
கடைசியில் இங்கிலீஷில்
முப்பத்தேழு சொல்லுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது.
சுஷ்மா ஹெக்டே என் பக்கம் திரும்பினார்:
"ஃபிளோரா, தமிழ் ஏரியாவுக்கு நீங்களே எழுதிடுங்க."

நான் தமிழ் படித்தது ஏழாவது வரை,
ஸ்ரீராம்புரத்தில், மழைக்கு ஒழுகும் வகுப்பில்.
அதற்குப் பிறகு எல்லாம் கன்னடம்.
மிச்சம் இருப்பது
ஐ ஆல் கு இன் அது கண்
என்று அறுபது பேர் கத்திய சத்தம் மட்டும்.

இளைஞரை, என்று தொடங்கினேன்.
இளைஞரை நல்வழிப்படுத்துதல்.
அடித்துவிட்டேன்.
ஐ போட்டதும் ஒரு கை நீண்டு
காலரைப் பிடிக்கிறது.
ஸ்டேஷனில் எழுதுகிறவரும் அதைத்தான் போடுகிறார்.

இளைஞருக்கு.
இது பிஸ்கட் பாக்கெட்டின் உருபு.
வரிசையில் நிற்கச் சொல்லும்,
போட்டோ எடுத்த பிறகுதான் பிரிக்க விடும்.

வாய்ப்பாட்டில் மூன்றாவதாக ஆல் மட்டும்தான் வரும்.
அதன் முதுகுக்குப் பின்னால் ஓடு ஒளிந்திருக்கும்,
கத்தும்போது யாரும் சொல்வதில்லை.
இளைஞரோடு.
எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.
ஓடு என்றால் எங்கள் பையன்களுக்கு
ஒரே பொருள்தான்:
முனையில் ஜீப் திரும்புகிறது.

சரி, அதற்குப் பின்னால் என்ன எழுத?
கேரம் போர்டுக்குப் பவுடர் போடுதல் என்றா?
ஷைனி மூன்று வாரம் குடையோடு வந்து
குடையோடு போனாள்.
நாலாவது வாரம், சிவப்புக் காயைப் பார்த்துக்கொண்டே,
"மிஸ், கர்ப்பம்னா எப்படித் தெரியும்?"
நான் மிஸ் இல்லை. நர்ஸ் இல்லை.
அவள் அம்மா நிச்சயமாக இல்லை.
அந்த நிமிடம் நான் செய்ததெல்லாம்
முகத்தை மாற்றாமல் வைத்திருந்தது.

அதற்குப் பயிற்சி உண்டு.
எட்டு நாள், யஷ்வந்தபுரத்தில்.
எதைக் கேட்கலாம், எதை எழுதி வைக்க வேண்டும்,
யாரிடம் கூட்டிப்போக வேண்டும்,
யாருக்கும் சொல்லமாட்டேன் என்று
ஏன் ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது.
"நல்ல மனசு இருந்தாப் போதும்மா" என்பார்
எங்கள் வார்டுப் பிரமுகர்.
நல்ல மனசுக்காரர்கள் என்றால்
அன்று இரவே ஷைனியின் அப்பாவைத்
தட்டி எழுப்பியிருப்பார்கள்.

காந்தராஜ் இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் செய்தான்.
மூன்று வருடம்.
இப்போது சாப்பாடு டெலிவரி செய்கிறான்,
மாதம் இருபத்திரண்டாயிரம், மழைக்கோட்டு இலவசம்.
எங்களுக்கு வருவது மதிப்பூதியம்.
பிரித்து எழுதுக:
மதிப்பு + ஊதியம்.
இந்த மாதம் இரண்டும் இன்னும் வரவில்லை.

பதினொன்றரைக்கு அனுப்பினேன், ஒரே வரி:
இளைஞரோடு இருத்தல், அவர்கள் கேட்கும் வரை,
கேட்ட பிறகும்,
சம்பளத்துக்கு.

காலையில் பதில் வந்திருந்தது.
அழகா இருக்கு ஃபிளோரா,
கடைசிச் சொல் தேவையா?

வியாழக்கிழமை.
பூட்டில் சாவி மறுபடி சிக்கிக்கொண்டது.
படியில் கிரிதர்,
காந்தராஜ் இருந்தபோது உட்காரும் அதே படி,
உதவிக்கு எழுந்திருக்கவில்லை.
"அக்கா, நீங்க எப்போ போவீங்க?"
ஒன்பதரைக்கு என்றேன்.
"அதக் கேக்கல."

கதவு திறந்துகொண்டது.
பவுடர் டப்பாவை
வைத்த இடத்தை விட்டுவிட்டு
வேறு எங்கெங்கோ தேடினேன்.